இன்னும் நடக்காததைக் கணக்கில் எடுப்பது எப்படி

ஒரு வட்டாரத்தில் பெண்களுக்கு எந்த வயதில் திருமணம் ஆகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பத்துப் பெண்களிடம் கேட்கிறோம். ஆறு பேர் மணமானவர்கள். 17, 18, 18, 20, 21, 23 வயதுகளில் கல்யாணம் நடந்திருக்கிறது. மற்ற நால்வருக்கு இன்னும் ஆகவில்லை. இன்றைக்கு அவர்களுடைய வயது 19, 22, 24, 26. இது கற்பனைக் கணக்குதான். ஆனால் சமூகவியல், மக்கள்தொகையியல் மாணவர்கள் களத்திலிருந்து கொண்டுவரும் தரவு பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் இருக்கிறது: சிலருக்கு நடந்துவிட்டது, சிலருக்கு இன்னும் நடக்கவில்லை. ஒரு நிகழ்வு நடக்க எவ்வளவு காலம் ஆகிறது என்று ஆராயும் சர்வைவல் அனாலிசிஸ் என்ற துறை முழுவதும் அந்த இரண்டாவது கூட்டத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கான பதில்.

எளிதாகக் கைக்கு வரும் வழிகள் இரண்டு. இரண்டுமே தவறு. மணமான ஆறு பேரை மட்டும் எடுத்தால் சராசரி 19.5 வருகிறது. சீக்கிரம் மணமானவர்கள்தான் இந்த ஆறு பேருக்குள் எளிதாக வந்து சேர்வார்கள். தாமதமாக மணக்கப் போகிறவர்கள் இன்னும் அந்த நான்கில் இருக்கிறார்கள். ஆகவே இந்தச் சராசரி உண்மையைவிடக் குறைவாகவே வரும். இரண்டாவது வழி, மணமாகாதவர்களின் இன்றைய வயதையே மண வயதாக எடுத்துக்கொள்வது. அப்படிச் செய்தால் 20.8. இதுவும் குறைவுதான். 26 வயதிலும் மணமாகாத பெண்ணைப் பற்றி நமக்குத் தெரிந்தது ஒன்றே: அவருடைய மண வயது எதுவானாலும் 26க்குக் குறையாது. அந்தத் தகவலை 26 என்று எழுதுவது தெரியாததைத் தெரிந்ததாக ஆக்கும் வேலை, அவரையே தரவிலிருந்து நீக்குவது தெரிந்ததைத் தெரியாததாக ஆக்கும் வேலை.

சரியான வழி, வயது வயதாக நடந்து போவது. ஒவ்வொரு வயதிலும் இரண்டு எண்களை மட்டும் கேட்க வேண்டும்: அந்த வயது வரை மணமாகாமல் நம் பார்வைக்குள் இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் அந்த வயதில் மணமானவர்கள் எத்தனை பேர். 17ல் பத்துப் பேர் இருந்தார்கள், ஒருவருக்கு மணமாயிற்று. மணமாகாமல் தொடர்பவர்கள் 90 விழுக்காடு. 18ல் ஒன்பது பேரில் இருவர், 0.9ஐ 7/9ஆல் பெருக்கினால் 70 விழுக்காடு. அடுத்து 19 வயதுப் பெண் வெளியேறுகிறார். மணமாகி அல்ல, நம் பார்வை அவரிடம் அந்த வயதோடு நின்றுவிடுவதால். 20ல் மிஞ்சியவர்கள் ஆறு பேர், ஒருவருக்கு மணமாயிற்று, 58 விழுக்காடு. 21ல் ஐவரில் ஒருவர், 47 விழுக்காடு. 22 வயதுப் பெண் வெளியேறுகிறார். 23ல் மூவரில் ஒருவர், 31 விழுக்காடு. பாதிக்குக் கீழே இறங்கியது 21ல். எனவே இடைநிலை மண வயது 21.

19 வயதுப் பெண் இந்தக் கணக்கில் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 17, 18 இரண்டு வயதுகளிலும் வகுக்கும் எண்ணுக்குள் அவர் இருந்தார். அவர் இல்லாவிட்டால் அந்த வயதுகளின் மண வீதம் கூடுதலாகத் தெரிந்திருக்கும். 20க்கு வரும்போது அவரைச் சேர்க்கவில்லை. அவருடைய 20 நமக்குத் தெரியாது. தெரிந்தவரை எண்ணி, தெரியாத இடத்தில் நிறுத்திக்கொள்வதற்கு சென்சாரிங் என்று பெயர். எந்த நேரத்திலும் வகுக்கும் எண்ணுக்குள் நிற்கிற கூட்டத்துக்கு ரிஸ்க் செட் என்று பெயர். பாடநூல்களில் இவை முதல் அத்தியாயத்தில் வந்துவிட்டு, அடுத்த அத்தியாயத்திலிருந்து சூத்திரங்கள் தொடங்கிவிடும். ரிஸ்க் செட்டில் யார் இருக்கிறார், எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்ற கேள்வியில்தான் இந்தப் பாடத்தின் கடினமே இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

மேலே செய்த பெருக்கலுக்குக் காப்லான்–மையர் முறை என்று பெயர். பெல் ஆய்வகத்தில் தொலைபேசிக் கம்பிகளின் இடையே பொருத்திய வெற்றிடக் குழாய்கள் எவ்வளவு காலம் உழைக்கின்றன என்று எட்வர்ட் காப்லான் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். பால் மையர் நோயாளிகள் சிகிச்சைக்குப் பின் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். தனித்தனியே ஒரே விடைக்கு வந்த இருவரும் சேர்ந்து 1958ல் ஒரே கட்டுரையாக வெளியிட்டார்கள். ஆனால் இதன் வேர் மக்கள்தொகைக் கணக்கில்தான் இருக்கிறது. 1662ல் லண்டன் வணிகர் ஜான் கிரான்ட், பிறக்கும் 100 பேரில் 36 பேர் ஆறு வயதுக்குள் இறக்கிறார்கள், 16 வயதில் 40 பேர்தான் மிஞ்சுகிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். அவர் பார்த்த இறப்புப் பதிவுகளில் இறந்தவரின் வயதே கிடையாது. எந்த நோயால் இறந்தார்கள் என்பதை வைத்துக் குழந்தைகளின் இறப்பை ஊகித்தார். 1693ல் எட்மண்ட் ஹாலி, பிரெஸ்லாவ் நகரத்தின் வயதோடு கூடிய பதிவுகளை வைத்து இன்னும் நம்பகமான வாழ்நாள் அட்டவணையைத் தயாரித்தார். அந்த அட்டவணையின் நேர்வாரிசுதான் இன்றைய மென்பொருளில் ஓடும் கட்டளை.

இந்தியாவில் இதைக் கற்க மிகச் சிறந்த தரவு தேசிய குடும்ப நல ஆய்வு. 1992–93ல் தொடங்கி, ஐந்தாவது சுற்று 2019–21ல் நடந்தது. மும்பையில் 1956ல் நிறுவப்பட்ட மக்கள்தொகை அறிவியல்களுக்கான பன்னாட்டு நிறுவனம் இதை நடத்துகிறது. அறிக்கையின் அட்டவணைகளைக் கவனித்துப் படித்தாலே சென்சாரிங்கை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்று தெரியும். குழந்தைத் திருமணத்தை அளக்க ஏன் 20–24 வயதுப் பெண்களிடம் கேட்டு, அவர்களில் 18க்கு முன் மணமானவர்கள் எத்தனை விழுக்காடு என்று சொல்கிறார்கள்? அந்த வயதினர் எல்லோரும் 18ஐக் கடந்துவிட்டார்கள். யாருடைய விடையும் பாதியில் நிற்கவில்லை. ஐந்தாவது சுற்றில் இந்திய அளவில் அது 23.3 விழுக்காடு. 15–19 வயதினரை எடுத்திருந்தால், இன்று 16 வயதில் இருக்கும் சிறுமிக்கு அடுத்த ஆண்டு என்ன நடக்கும் என்பது தெரியாமலேயே அவளைத் தப்பித்தவளாக எண்ணியிருப்போம். இடைநிலை மண வயதுக்கான அட்டவணையிலும் இளம் வயதுக் கட்டங்களில் எண்ணே இருக்காது. ஒரு வயதுப் பிரிவு தொடங்கும் வயதுக்குள் பாதிப்பேருக்காவது மணமாகியிருக்கவில்லை என்றால், அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடுவதே நேர்மை.

குழந்தை இறப்புக்கு வருவோம். ஒவ்வொரு தாயிடமும் அவர் பெற்ற எல்லாக் குழந்தைகளின் பிறந்த தேதி, இருக்கிறதா இல்லையா, இறந்திருந்தால் எந்த வயதில் என்று கேட்கிறார்கள். பேட்டிக்கு மூன்று மாதம் முன்பு பிறந்த குழந்தை நலமாக இருக்கிறது. அது முதல் மாதத்தைக் கடந்த குழந்தை என்று நிச்சயமாகத் தெரியும், ஓராண்டைக் கடக்குமா என்று தெரியாது. ஆகவே முதல் ஐந்து ஆண்டுகளை எட்டுத் துண்டுகளாக வெட்டுகிறார்கள்: பிறந்த மாதம், 1–2 மாதம், 3–5, 6–11, பிறகு ஆண்டுக்கு ஒன்றாக 59ஆம் மாதம் வரை. ஒவ்வொரு துண்டிலும் பிழைக்கும் நிகழ்தகவைத் தனியே கண்டு, எல்லாவற்றையும் பெருக்குகிறார்கள். பத்துப் பெண்கள் கணக்கில் செய்த அதே பெருக்கல்தான்.

இப்படிப் பிறந்த எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் இறப்பு வீதத்தின் வடிவம் கண்ணுக்குத் தெரிகிறது. ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் ஆயிரம் பிறப்புக்கு முதல் மாதத்துக்குள் இறப்பவர்கள் 12.7, ஓராண்டுக்குள் 18.6, ஐந்து ஆண்டுக்குள் 22.3. அதாவது ஓராண்டைக் கடந்த பின் வரும் 48 மாதங்களில் சேர்ந்து 3.7 இறப்பு, மாதத்துக்குச் சுமார் 0.08. முதல் மாதத்தில் மட்டும் 12.7. நூறு மடங்குக்கும் மேற்பட்ட வித்தியாசம். இந்திய எண்கள் 24.9, 35.2, 41.9, உயரம் வேறு, வடிவம் அதேதான். ஒரு கணத்தில், அதுவரை பிழைத்திருப்பவர்களுக்கு, நிகழ்வு எவ்வளவு வேகமாக வருகிறது என்பதே ஹசார்ட். ‘ஐந்து வயதுக்குள் 22’ என்ற ஒற்றை எண்ணைப் பார்த்துத் திட்டம் போடுபவருக்கும், இந்த வளைவைப் பார்த்துத் திட்டம் போடுபவருக்கும் பணம் போய்ச் சேரும் இடமே வேறாக இருக்கும். ஒருவர் அங்கன்வாடியை நினைப்பார், மற்றவர் பிரசவ அறையையும் பச்சிளங்குழந்தைப் பிரிவையும் நினைப்பார். இரண்டும் வேண்டும்தான். எங்கே எவ்வளவு என்பதை வளைவுதான் சொல்கிறது.

கற்பவர்களுக்கு நான் சொல்லும் வழி, பாடநூல்கள் முன்வைக்கும் காக்ஸ் மாதிரியில் (அதைப் பின்னால் பார்ப்போம்) தொடங்காமல் ஆள்–ஆண்டுக் கோப்பில் தொடங்குவது. மேலே சொன்ன பத்துப் பெண்களையும் 15 வயதிலிருந்து, முழுதாகத் தெரிந்த ஒவ்வொரு வயதுக்கும் ஒரு வரி என்று எழுதிப் பாருங்கள். 17ல் மணமானவருக்கு மூன்று வரி: 15, 16, 17, கடைசி வரியில் 1, மற்றவற்றில் 0. இன்று 19 வயதாகும் மணமாகாதவருக்கு 15 முதல் 18 வரை நான்கு வரி, நான்கிலும் 0. மொத்தம் 64 வரி, அதில் 1 என்று இருப்பவை ஆறு. இந்தக் கோப்பில், ஆம்–இல்லை விடைக்கான வாய்ப்பைக் கணிக்கும் சாதாரண லாஜிஸ்டிக் ரிக்ரஷனை ஓட்டினாலே சர்வைவல் அனாலிசிஸ் ஆகிவிடுகிறது. பால் ஆலிசன் 1982ல் சமூகவியலாளர்களுக்கு இதைத்தான் விளக்கினார். ஒரே பெண் பதினோரு வரிகளில் வருவது பிழை அல்லவா, மாதிரி அளவைப் பொய்யாகப் பெருக்குகிறோமே என்ற சந்தேகம் எல்லோருக்கும் எழும். ஒவ்வொரு வரியும் ‘இந்த வயது வரை ஆகவில்லை என்ற நிலையில், இந்த வயதில் ஆயிற்றா’ என்ற நிபந்தனைக் கேள்வி. அந்த நிபந்தனை நிகழ்தகவுகளைப் பெருக்கினால் அந்தப் பெண்ணின் முழு வரலாற்றின் நிகழ்தகவு வருகிறது. திரும்ப நிகழாத நிகழ்வுக்கு இதில் இரட்டை எண்ணிக்கை இல்லை.

இந்தக் கோப்பைக் கையால் கட்டுவதில் பெரிய லாபம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வரியிலும் எதை எழுதலாம் என்ற கேள்வி தானாக வந்து நிற்கும். படிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘பட்டதாரிப் பெண்கள் தாமதமாக மணக்கிறார்கள்’ என்று காட்ட, பேட்டியன்று இருந்த கல்வித் தகுதியை எல்லா வரிகளிலும் எழுதுவது வழக்கம். அப்படியானால் 16 வயது வரியிலும் ‘பட்டதாரி’ என்று இருக்கும். 16 வயதில் யாரும் பட்டதாரி இல்லை. பட்டம் வாங்க அநேகமாக 20, 21 வரை மணமாகாமல் இருந்திருக்க வேண்டும். ஆகவே அந்தப் பிரிவில் 16ல் மணமானவர்கள் அநேகமாக இருக்கவே மாட்டார்கள். 16ல் மணமாகிப் படிப்பு நின்றுபோன பெண், படிக்காததால் சீக்கிரம் மணந்தவளாகக் கணக்கில் வருகிறாள். காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன. பின்னால் நடந்ததை வைத்து முன்னால் நடந்ததை விளக்கும் இந்தப் போக்கைப் பற்றி மக்கள்தொகையியலாளர் யான் ஹூம் திரும்பத் திரும்ப எச்சரித்தார். அந்தந்த வயது வரியில் அந்த வயது வரை முடித்த வகுப்பு, அப்போது படித்துக்கொண்டிருந்தாரா என்ற இரண்டு மட்டுமே எழுத வேண்டும். குடும்ப நல ஆய்வில் பிறப்புகளுக்குத் தேதி இருக்கிறது, படிப்பை நிறுத்திய ஆண்டு இல்லை. கடைசியாக முடித்த வகுப்புதான் இருக்கிறது. வழக்கமான வயதில் பள்ளி சேர்ந்து இடைவிடாமல் படித்ததாக வைத்துக்கொண்டுதான் கணிக்க வேண்டியிருக்கும். அந்த அனுமானத்தை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

இதே பிழை மிகப் பெரிய இதழ்களிலும் வந்திருக்கிறது. ஆஸ்கர் வென்ற நடிகர்கள் மற்ற நடிகர்களைவிட ஏறத்தாழ நான்கு ஆண்டு கூடுதலாக வாழ்கிறார்கள் என்று 2001ல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. விருது வாங்கும் வரை அவர்கள் உயிரோடு இருந்தே ஆக வேண்டும். அந்த ஆண்டுகளையும் ‘வென்றவர்’ கணக்கில் சேர்த்திருந்தார்கள். 2006ல் வேறு ஆய்வாளர்கள் அந்த ஆண்டுகளை ‘இன்னும் வெல்லாதவர்’ கணக்குக்கு மாற்றியபோது வித்தியாசம் சுமார் ஓராண்டாகச் சுருங்கியது, அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற அளவில். 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயப் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார், ஆயர்களின் (பிஷப்புகளின்) இறப்பு வயதையும் இளம் பாதிரியார்களின் இறப்பு வயதையும் ஒப்பிடுவது ஏன் தவறு என்று எழுதிவிட்டார். ஆயராக வேண்டுமானால் முதலில் நடுவயது வரை வாழ வேண்டும்.

அடுத்த சிக்கல் சென்சாரிங்குக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. பார்வையிலிருந்து விலகியவருக்கும் பார்வைக்குள் இருப்பவருக்கும் அதற்குப் பின் ஒரே அளவு வாய்ப்புதான் என்ற அனுமானத்தின் மேல்தான் எல்லாமே நிற்கிறது. பேட்டி தேதியால் நின்றுபோனால் அது பெரும்பாலும் சரி. வேறு காரணத்தால் விலகினால் சரியல்ல. தென்னாப்பிரிக்காவின் அஜின்கோர்ட் மக்கள்தொகைக் கண்காணிப்புப் பகுதியில் வேலைக்காக வெளியூர் போனவர்கள் பலர், நோய் முற்றிய பிறகு சொந்த வீட்டுக்குத் திரும்பி இறந்தது ஆய்வில் தெரியவந்தது. போகும்போது ஆரோக்கியமானவர்கள் போனார்கள், வரும்போது நோயாளிகள் வந்தார்கள். விலகலும் நுழைவும் இறப்போடு பின்னிக் கிடந்தன.

நம் பக்கத்துக்கு மிக நெருக்கமான உதாரணம் கருத்தடை அறுவைச் சிகிச்சை. தமிழ்நாட்டில் மணவாழ்வில் இருக்கும் 15–49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதைச் செய்துகொண்டவர்கள். இரண்டாவது குழந்தைக்குப் பின் மூன்றாவது எப்போது பிறக்கிறது என்று ஆராய்கிறோம் என்று வையுங்கள். அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட நாளில் அந்தப் பெண்ணை சென்சார் செய்தால், ‘செய்துகொள்ளாமல் இருந்திருந்தால் மற்றவர்களைப் போலவே இவரும் பெற்றிருப்பார்’ என்று சொல்கிறோம். போதும் என்று முடிவெடுத்தவரை, முடிவெடுக்காதவரோடு சமமாக்குகிறோம். இல்லாத பிறப்புகளையெல்லாம் வளைவு உண்டாக்கிக் காட்டும். அவரை ரிஸ்க் செட்டிலேயே வைத்திருந்தால் வளைவு ஓரிடத்தில் தட்டையாகி நின்றுவிடும். பெரும்பாலோர் மூன்றாவதைப் பெறவே போவதில்லை என்ற உண்மை அதில் தெரியும். அப்போது கேள்வி இரண்டாகப் பிரிகிறது: மூன்றாவதுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், போகிறவர்கள் எவ்வளவு காலத்தில் போகிறார்கள். இரண்டையும் ஒரே இடைநிலை மாதமாகக் குழைத்துவிட்டுக் குடும்ப நலக் கொள்கை பேசுவது எனக்கு ஏற்புடையதல்ல. அதிலும், ஏற்கெனவே பிறந்த மூன்றாவது குழந்தைகளை மட்டும் எடுத்து ‘சராசரி இடைவெளி’ சொல்லும் ஆய்வேடுகள், மணமான ஆறு பேரை மட்டும் எண்ணிய தவறையே திரும்பச் செய்கின்றன.

காக்ஸ் மாதிரியைப் பற்றியும் சொல்ல வேண்டும், யாரும் அதைத் தவிர்க்க முடியாது என்பதால். டேவிட் காக்ஸ் 1972ல் வெளியிட்டது. அடிப்படை ஹசார்ட் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று சொல்லாமலேயே, ஒரு குழுவின் ஹசார்ட் மற்றொரு குழுவைப்போல் எத்தனை மடங்கு என்று கண்டுபிடிக்கலாம் என்பது அதன் அழகு. மருத்துவர்களுக்கு அது போதும். மக்கள்தொகை ஆய்வுக்கு அந்த வடிவமே பாதிச் செய்தி. அதை மறைத்துவிட்டு ஒரு விகிதத்தை மட்டும் எடுத்துப் போவது இழப்பு. மேலும் அந்த விகிதம் எல்லா வயதிலும் ஒன்றே என்று காக்ஸ் மாதிரி வைத்துக்கொள்கிறது. தாயின் படிப்பு குழந்தையின் முதல் வாரத்தில் செய்யும் வித்தியாசமும், தவழ்ந்து கைக்குக் கிடைத்ததை வாயில் போடும் பருவத்தில் செய்யும் வித்தியாசமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பின்னதில் அது கூடுதலாக இருப்பதே வழக்கம். வயதுத் துண்டுகளுக்குத் தனித்தனி விளைவு கொடுத்துப் பார்க்காமல் 0.7 என்று ஒரு எண்ணை அச்சிடக் கூடாது. அந்த 0.7ஐ ‘30 விழுக்காடு குறைவாக இறக்கிறார்கள்’ என்று மொழிவதும் தவறு. அது வேகத்தின் விகிதம்; மொத்த இறப்பின் விகிதமாக அதை வாசிக்க நிகழ்வு அரிதாக இருக்க வேண்டும்.

வளைவே ஏமாற்றக்கூடியது என்பதை 1979ல் ஜேம்ஸ் வோபல், கென்னத் மான்டன், எரிக் ஸ்டாலார்ட் மூவரும் காட்டினார்கள். மணமுறிவு வீதம் ஆண்டுகள் போகப் போகக் குறைந்தால் உறவு இறுகுகிறது என்று பொருளாக வேண்டியதில்லை. உடையக்கூடியவை முதலிலேயே உடைந்து வெளியேறிவிட, மிஞ்சியவை உறுதியானவையாக இருக்கலாம். எந்த ஒரு தம்பதியின் வாய்ப்பும் மாறாமலேயே கூட்டத்தின் வீதம் இறங்கும். குழந்தை இறப்பிலும் இப்படி மறைந்திருக்கும் வேறுபாடு உண்டு. மோனிகா தாஸ் குப்தா 1990ல் பஞ்சாப் கிராமங்களைப் பற்றி எழுதியபோது, இறப்புகள் எல்லாக் குடும்பங்களிலும் பரவியிருக்கவில்லை, சில குடும்பங்களிலேயே குவிந்திருந்தன என்று காட்டினார். ஒரே தாயின் குழந்தைகளைத் தொடர்பில்லாத வரிகளாக எண்ணினால் அது தெரியாமலே போய்விடும்.

பயிற்சிக்குச் செலவு அதிகம் இல்லை. ஆர் மென்பொருள் இலவசம். டெர்ரி தெர்னோ எழுதிய சர்வைவல் தொகுப்பு அதோடு சேர்ந்தே வருகிறது. குடும்ப நல ஆய்வின் தனிநபர் தரவை ஆராய்ச்சிக்கென்று பதிவு செய்து கேட்டுப் பெறுகிறார்கள். முதல் வேலையாக ஒரு புதிய கேள்வியை எடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் ஓராண்டுக்குள் இறப்பவர்களின் வீதமான 18.6ஐ நீங்களே பிறப்பு வரலாற்றுக் கோப்பிலிருந்து எடுக்க முயலுங்கள். முதல் முறை அநேகமாக வராது. மாதிரியில் வந்த ஒவ்வொருவரும் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குச் சமம் என்று சொல்லும் மாதிரி எடைகளைப் போட்டீர்களா என்று பாருங்கள். பேட்டிக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்கே இந்த வீதம்; அந்த ஐந்தாண்டு எல்லையை ஒரு குழந்தையின் வயதுத் துண்டு பாதியில் கடக்கும்போது, அறிக்கை அந்தக் குழந்தையைப் பாதியளவே சேர்க்கிறது; நீங்கள் முழுதாகச் சேர்த்திருப்பீர்கள். பிறகு இறப்பு வயதுகளைப் பட்டியலிட்டுப் பாருங்கள். இப்படித் தாய்களிடம் கேட்டு எடுக்கும் தரவுகளில் 12 மாதம் என்ற இடத்தில் இறப்புகள் குவிவது வழக்கம், ‘ஒரு வயசுல போயிருச்சு’ என்று தாய்கள் சொல்வதால்; இரண்டு வயதுக்குட்பட்ட இறப்பை மாதக் கணக்கில் கேட்டெழுதச் சொல்லியும் அது முழுதாகப் போவதில்லை. அந்தக் குவியலில் எத்தனை பேர் உண்மையில் 10, 11 மாதங்களில் இறந்தவர்கள் என்பதைப் பொறுத்து 18.6 சற்றே மேலே போகும். இதோடு, பேட்டிக்கு முன்பே இறந்துபோன தாய்களின் குழந்தைகள் இந்தக் கோப்பில் எந்த வரியிலும் இல்லை. ரிஸ்க் செட்டில் ஒருநாள்கூட நிற்காதவர்கள் அவர்கள்.